ஏழாம் நம்பர் மிஷினும் தேர்வுக் குழுவாகிய நானும்

எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அதிகாரம் கிடைத்தது. இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே நீடித்தது. அதற்குள் ஒரு பெண்ணின் வேலையைப் பிடுங்கி, விஷயம் தெரிந்த ஒரு மனிதரை விரட்டி, நூற்றுச் சொச்சம் பேரைத் தவறான நாற்காலியில் உட்கார வைத்தேன். அதிகாரத்தில் இருப்பவர்களைப் பற்றி நான் கடுமையாக எழுதுவதில்லை என்று சிலர் குறைப்படுகிறார்கள். காரணம் இதுதான்.

எண்பதுகளின் பிற்பாதி. பழங்காநத்தத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் நான் சுருக்கெழுத்து ஆசிரியர். முன் கூடத்தில் முப்பத்திரண்டு டைப்ரைட்டர்கள். அவற்றை அங்கே யாரும் டைப்ரைட்டர் என்று சொல்வதில்லை, மிஷின் என்றுதான். காலை ஆறு மணியிலிருந்து மணிக்கு ஒரு கூட்டமாக வந்து தட்டிவிட்டுப் போவார்கள். என் அறை உள்ளே. என்னிடம் படிக்க வந்தவர்கள் எப்போதும் ஏழெட்டுப் பேரைத் தாண்டியதில்லை. மிச்ச நேரத்தில் புத்தகம் படிப்பேன். மிச்சம் இல்லாத நேரத்திலும் படிப்பேன்.

மாடிப்படி முடியும் இடத்தில் ஓர் இரும்பு மேசை. அதில் ஓர் அம்மாள். புதிதாக வருகிறவர்களைச் சேர்ப்பது, அவர்களுக்கு நேரம் ஒதுக்குவது, வருகை குறிப்பது, அரசுத் தேர்வுக்குப் பட்டியல் அனுப்புவது எல்லாம் அவர்தான். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனால் வயது வித்தியாசம் பாராமல் எல்லோரும் அவரை அக்கா என்பார்கள். நான் மட்டும் மேடம் என்பேன். அதில் மரியாதை ஒன்றும் இல்லை, தூரம்தான். அவருடைய வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்தார். அந்த வருஷம் மில் பாதி நாள் மூடிக் கிடந்தது. வீடு இவருடைய மேசையை நம்பித்தான் ஓடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்களுக்குள் பகை வந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. ஆசிரியர்களின் வருகைப் பதிவேடும் அவரிடமே இருந்தது. நான் பத்து மணிக்கு வர வேண்டியவன் பத்து பன்னிரண்டுக்கு வந்தால், பத்து பன்னிரண்டு என்றே சிவப்பு மையில் எழுதுவார். நாகரிக உலகில் இதைப் பத்து என்றுதான் எழுதுவார்கள் என்று ஒரு நாள் சொன்னேன். கடிகாரம் சொல்வதைத்தான் தான் எழுதுவதாகவும், ஆட்சேபம் இருந்தால் அதனிடம் பேசிக்கொள்ளும்படியும் சொன்னார். நான் நாவல் படித்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து என் அறைக் கதவைத் திறந்து, சத்தம் கேட்கும்படி மூடுவதும் அவர் வழக்கம்.

இன்ஸ்டிடியூட்டின் உரிமையாளர் தன்னைப் பிரின்சிபால் என்று சொல்லிக்கொள்வார். எங்களுக்கும் அதில் நஷ்டம் இல்லை என்பதால் நாங்களும் அப்படியே சொன்னோம். எதிர்த் தெருவில் இருந்த போட்டி இன்ஸ்டிடியூட்காரர் தன் போர்டில் 'கம்ப்யூட்டர்' என்ற சொல்லைச் சேர்த்ததும் பிரின்சிபாலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த மாதமே எங்களுக்கும் ஒன்று வந்தது. அதற்காகக் கூடத்தின் ஒரு மூலையில் கண்ணாடி அறை கட்டி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று எழுதி ஒட்டினார். மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம். வெல்வெட் துணியில் உறை. வந்து பதினைந்து நாள் ஆன பிறகுதான், அதற்குள் ஏதாவது போட்டால்தான் அது ஏதாவது செய்யும் என்ற செய்தி எங்களை எட்டியது.

பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார். வேலை ஆக வேண்டுமென்றால் நான் அவருக்கு மாப்ள. மற்ற நாட்களில் சார்.

"மாப்ள, நீதான் நாலெழுத்துப் படிக்கிற ஆளு. நல்ல சாஃப்ட்வேரா ஒண்ணு பாரு. அட்மிஷன், அட்டெண்டன்ஸ், எக்ஸாம் லிஸ்ட்டு அம்புட்டையும் அதுவே செய்யணும். செஞ்சிருச்சுன்னா இந்த மேசைய எடுத்துரலாம்."

மேசை மூன்றடி தூரத்தில் இருந்தது. அதில் அந்த அம்மாள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பிரின்சிபால் எடுக்கச் சொன்னது மேசையை அல்ல என்பது மூன்று பேருக்கும் புரிந்தது. அந்த அம்மாள் கோட்டை முடித்துவிட்டு அடுத்த கோட்டுக்கு ஸ்கேலை நகர்த்தினார். எனக்கு உள்ளுக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் வந்தது. அதை மறைப்பதற்காக முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டேன். அது அதைவிடக் கேவலமாக இருந்திருக்கும்.

இப்படியாக நான் ஒரு நபர் தேர்வுக் குழுவானேன். டவுன்ஹால் ரோட்டுப் பழைய புத்தகக் கடையில், அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் முறைகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. அட்டை இல்லை. முதல் அத்தியாயம் இருந்தது, ஆனால் முதல் அத்தியாயங்கள் ஒன்றும் தெரியாதவர்களுக்கு என்பது என் கொள்கை. மூன்றிலிருந்து தொடங்கினேன். அந்த வேலையைச் செய்கிறவரிடம் போய் உட்கார்ந்து கேள் என்பதுதான் முதல் அத்தியாயத்தின் ஒரே விஷயம் என்பது, எல்லாம் முடிந்த பிறகு, ஆற்றாமையில் புரட்டியபோது தெரிந்தது.

கேட்காமல் இல்லை. கேட்டேன். எத்தனை பதிவேடுகள் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். மூன்று என்றார். அவற்றில் என்ன எழுதுவீர்கள் என்றேன். பேர், வகுப்பு, நேரம் என்றார். வேறு ஏதாவது என்றேனா என்று யாராவது கேட்டால், இல்லை. அவர் ஸ்கேலை எடுத்துவிட்டார், நான் எழுந்துவிட்டேன். பிறகு நான்கு பக்கத்துக்கு ஒரு தேவைப் பட்டியல் எழுதினேன். நல்ல ஆங்கிலம். அரைப்புள்ளிகள் எல்லாம் இடம் பார்த்துப் போட்டிருந்தேன். அதை இரண்டு முறை எனக்கே படித்துக் காட்டினேன்.

முதலில் வந்தவர் அலங்காநல்லூர்ப் பக்கத்துக்காரர். மொபெட்டில் வந்தார். நாற்பதைத் தாண்டியவர், தலையில் எண்ணெய், சட்டைப் பையில் இரண்டு பேனா. ஏதோ ஒரு கூட்டுறவு பண்டகசாலைக்கு ரேஷன் கார்டு பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தந்தவராம். கண்ணாடி அறைக்குள் அழைத்தேன். பிறகு பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு நேராகப் போய் இரும்பு மேசைக்கு எதிரே நின்றுகொண்டார். அங்கேயே எனக்கு அவரைப் பிடிக்காமல் போயிற்று.

"அண்ணே, ஒரு வாரம் இந்தம்மா பக்கத்துல ஸ்டூலப் போட்டு உக்காந்துக்கிறேன். பாத்துட்டு எழுதித் தாரேன்" என்றார்.

எங்களுக்கு என்ன வேண்டும் என்று நான் எழுதியே வைத்திருக்கிறேன் என்று நான்கு பக்கத்தையும் நீட்டினேன். நின்றபடியே படித்தார். அரைப்புள்ளிகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"இதுல நீங்க வேணும்னு நெனைக்கிறது இருக்குண்ணே. இவுக செய்யிறது இல்லையே."

பிறகு குனிந்து பதிவேட்டைப் பார்த்தார். ஒவ்வொரு பேருக்கும் எதிரே அந்த அம்மாள் ஓர் எண் எழுதி வைத்திருந்தார். ஏழு, ஒரு சாய்கோடு, நான்கு. பன்னிரண்டு, ஒரு சாய்கோடு, ஆறு. இது என்ன என்று கேட்டார். கேட்டது அந்த அம்மாளை. பதில் சொன்னது நான். அதெல்லாம் பழைய கோப்பு எண், இனிமேல் தேவைப்படாது என்றேன். அது எனக்கு எப்படித் தெரியும் என்று இன்றுவரை நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த அம்மாள் தலை நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பேனா நின்றது.

"நான் உங்களத்தாம்மா கேட்டேன்" என்றார் மொபெட்காரர்.

"சார்தான் சொல்லிட்டாருல்ல" என்று அந்த அம்மாள் மறுபடி எழுத ஆரம்பித்தார்.

மொபெட்காரர் நான்கு பக்கத்தையும் என்னிடம் திருப்பித் தந்தார். ஸ்டூல் போடச் சம்மதமானால் சொல்லி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். தொழில் தெரியாத ஆள், ஒரு வாரம் வேடிக்கை பார்க்க வேண்டும் என்கிறார் என்று பிரின்சிபாலிடம் அறிக்கை கொடுத்தேன்.

இரண்டாவதாக வந்தவர் மெட்ராஸ்காரர். மதுரை வெயிலில் டை கட்டியிருந்தார். கையில் ஃபிளாப்பிகள் அடங்கிய பிளாஸ்டிக் பெட்டி. சாஃப்ட்வேர் தயாராக இருக்கிறது, போட்டால் ஓடும் என்றார். இரும்பு மேசைப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. என் நான்கு பக்கத்தையும் பொறுமையாகப் படித்து, ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் தலையசைத்தார்.

"சார் மாதிரி படிச்சவங்க ஒரு ஆஃபீஸ்ல இருந்துட்டா எங்க வேலை பாதி முடிஞ்ச மாதிரி சார்."

அந்த இடத்திலேயே தேர்வு முடிந்துவிட்டது. மிச்ச ஒரு மணி நேரம் அவர் திரையில் பச்சை எழுத்துகளை ஓட விட்டதெல்லாம் சும்மா ஒப்புக்கு. இந்த சாஃப்ட்வேர் முதலில் யாருக்காகச் செய்தது என்று பிரின்சிபால்தான் கேட்டார். ஒரு பெரிய பள்ளிக்கூடத்துக்கு என்றார். பள்ளிக்கூடத்துக்கே சரிப்பட்டது நமக்குச் சரிப்படாதா என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன்.

சரிப்படவில்லை என்பது முதல் நாளே தெரிந்தது. யாரைச் சேர்த்தாலும் அது எந்த வகுப்பு என்று கேட்டது. ஒன்று முதல் பன்னிரண்டு வரை ஏதாவது ஓர் எண்ணைக் கொடுத்தால்தான் விடும். எங்களிடம் இருந்தது லோயர், ஹையர் என்ற இரண்டு தேர்வுகள். லோயர்காரர்களை ஒன்றாம் வகுப்பிலும் ஹையர்காரர்களை இரண்டாம் வகுப்பிலும் சேர்த்தேன். பதவி உயர்வுக்காக லோயர் படித்துக்கொண்டிருந்த, பேரையூர் தாலுகா ஆபீசிலிருந்து மாற்றலாகி வந்த ஐம்பது வயது எழுத்தர் ஒருவர் இப்படி ஒன்றாம் வகுப்புக்குப் போனார். அடுத்து எந்தப் பள்ளிப் பேருந்து என்று கேட்டது. காலியாக விட்டால் கூச்சல் போடும். எல்லோரையும் ஒன்றாம் நம்பர் பேருந்தில் ஏற்றினேன். மெட்ராஸ்காரருக்கு எஸ்.டி.டி. போட்டுக் கேட்டதில், போகப் போகச் சரியாகும் என்றார்.

பேர்களை ஏற்றும் வேலைக்கு அந்த அம்மாள் பதிவேட்டைப் படிக்க, நான் ஒரு விரலால் தட்டினேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஆறு வருஷம் இருந்தவன் ஒரு விரலால் தட்டுவதை அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் பிரின்சிபால் அவரிடம் மாதக் கடைசியோடு நின்றுகொள்ளும்படி சொல்லியிருந்தார். தன் வேலையைத் தானே உரக்கப் படித்து என்னிடம் ஒப்படைக்க வேண்டிய நிலை. ஒரு நாள்கூடத் தாமதமாக வரவில்லை. பேர், வகுப்பு, நேரம் என்று நிறுத்தி நிறுத்திப் படித்தார். அந்தச் சாய்கோட்டு எண்ணைப் படிக்கவில்லை. நான்தான் வேண்டாம் என்று சொல்லியிருந்தேனே.

கடைசி நாள் மூன்று பதிவேடுகளையும் மேசைமேல் அடுக்கி, பெற்றுக்கொண்டேன் என்று என்னிடம் எழுதி வாங்கினார். எல்லாம் ஏறிவிட்டதல்லவா என்று கேட்டேன்.

"நீங்க கேட்டதெல்லாம் ஏறிருச்சு சார்" என்றார். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். வழக்கமாக என் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் அன்று இல்லை. அதை என் வெற்றியாக எடுத்துக்கொண்டேன்.

அரசுத் தேர்வுக்கு முன்னால் ஒவ்வொரு இன்ஸ்டிடியூட்டிலும் மாதிரித் தேர்வு வைப்பார்கள். பட்டியலில் உள்ள எண்ணை ஒவ்வொரு மிஷினிலும் ஒட்டி, அதன்படி அணி அணியாக உட்கார வைத்து, அந்த மிஷின்களையே லாரியில் ஏற்றித் தேர்வுக்கூடத்துக்குக் கொண்டுபோவார்கள். அந்த வருஷம் பட்டியலைக் கம்ப்யூட்டர் அச்சடித்தது. அகர வரிசையில், ஒன்று இரண்டு மூன்று என்று, ஓரத்தில் ஓட்டை போட்ட நீளத் தாளில். பிரின்சிபால் அதைப் போட்டிக்காரர் கண்ணில் படும்படி ஜன்னலில் கொஞ்ச நேரம் தொங்கவிட்டிருந்தார்.

மாதிரித் தேர்வு ஆரம்பித்து இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. சத்தம் வழக்கம்போல் இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தட்டிவிட்டு நின்றது. ஒரு பெண் எழுந்து, தாள் சுற்றும் உருளை, அதாவது கேரேஜ், தள்ளவே முடியவில்லை என்றாள். இன்னொருத்தி இங்கிலீஷ் தேர்வுக்கு வந்தவள், அவள் முன்னால் இருந்தது தமிழ் மிஷின். பார்த்தால் அப்படி ஆறு பேர். நான்காவது வரிசையில் பேரையூர்க்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். ஏன் அடிக்கவில்லை என்றேன்.

"இது என் மிஷின் இல்ல சார். நான் ஏழாம் நம்பர்ல அடிக்கிறவன்."

"எதுல அடிச்சா என்னங்க, எல்லாம் ஒரே எழுத்துதானே?"

வலது கையை நீட்டிக் காட்டினார். சுண்டு விரல் பாதியில் விறைத்து நின்றது. "இது மடங்காது சார். ஏழுல ஓரத்து எழுத்துக் கட்டை லேசா இருக்கும். அக்கா என் கையப் பாத்துட்டுத்தான் அதக் குடுத்தாங்க. எட்டு மாசமா அதுலதான் அடிக்கிறேன். எக்ஸாமுக்கும் அதுதான் வரும்னாங்க."

கூடத்தில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஏழு, சாய்கோடு, நான்கு. ஏழாம் நம்பர் மிஷின், நான்காவது மணி. ஆளுக்கொரு மிஷின், அந்த ஆளின் விரலுக்கு ஏற்ற மிஷின். அந்த ஊரில் டைப்ரைட்டிங் படித்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். டவுன் பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல் கிடைத்ததில் உட்காருகிறார்கள் என்றுதான் நான் ஆறு வருஷம் அந்தக் கூடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

பிரின்சிபாலுக்கும் அது மறந்துதான் போயிருந்தது. ஆனால் அன்று அவர் எல்லாம் தெரிந்தவராகிவிட்டார். மாப்ள போய்விட்டது. சாரும் போய்விட்டது.

"ஆறு வருஷமா எங்கய்யா இருந்த?"

உள் அறையில் இருந்தேன் என்றேன்.

"புத்தகத்துக்குள்ள இருந்த. இன்னும் பத்து நாள்ல லாரி வருது. போயி அந்தம்மாவக் கூட்டிட்டு வா. அவுக வரலைன்னா நீயும் வர வேண்டாம்."

அவர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். நடந்தே போனேன். கணவர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேப்பரை மடித்துக்கொண்டு உள்ளே போனார். அந்த அம்மாள் வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொல்லவில்லை. பட்டியலில் ஒரு சின்னக் குழப்பம் என்று ஆரம்பித்தேன்.

"சின்னதுன்னா நீங்க வந்திருக்க மாட்டீங்க சார்."

அந்த எண் மிஷின் நம்பர் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன். நூறு பேருடைய தேர்வு, எட்டு மாசப் பயிற்சி என்று குரலில் கொஞ்சம் துயரத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

"கேட்டவரு ஒருத்தர் கேட்டாரு. நீங்க பதில் சொல்லிட்டீங்க."

"இருந்தாலும் மேடம்..."

"மேசைய எடுக்கணும்னு பேசினப்ப நானும் அங்கனதான் உக்காந்திருந்தேன். என் வேலையப் பறிக்கிறவருக்கு எப்படிப் பறிக்கணும்னு நானே சொல்லித் தரணுமா?"

நியாயமான கேள்வி. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. பிள்ளைகள்மேல் இவருக்கு அக்கறை இல்லை என்று மனதுக்குள் திட்டினேன். எனக்கு அக்கறை எப்போதிலிருந்து என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. அதையும் திட்டினேன். பிறகு, நீங்கள் வராவிட்டால் எனக்கும் வேலை இல்லை என்று உண்மையைச் சொன்னேன். அவர் முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் சுவாரசியம் தெரிந்தது.

"அப்படியா" என்றார். யோசிக்கச் சிறிது நேரம் எடுத்துக்கொண்டார். அந்த நேரத்தை நான் வெயிலில் நின்று கழித்தேன்.

"வாரேன். உங்களுக்காக இல்ல. அந்த மொபெட்காரர வரச் சொல்லுங்க. ஒரு வாரமில்ல, ஒரு மாசம்னாலும் ஸ்டூலப் போட்டு உக்காரட்டும். பெறகு, எனக்கு எழுத்து மூலமா வேணும்."

என்னத்தை என்றேன்.

"இந்த சாஃப்ட்வேர யாரு பாத்து எடுத்தா, என்ன கேக்காம எடுத்தாருன்னு. நாளைக்கு இன்னொருத்தரு நாலு பக்கம் எழுதிக்கிட்டு வருவாரு. அப்ப காட்டுறதுக்கு எங்கிட்ட ஒரு தாள் இருக்கணும்."

அன்று மதியமே வந்தார். பிரின்சிபால் எழுந்து நின்று வரவேற்றதைக் கவனிக்காதவர்போல் மேசையில் உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் பட்டியலைத் திருப்பிப் போட்டு அதன் வெற்றுப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். பதிவேட்டை இரண்டு மூன்று முறைதான் திறந்தார். மற்றதெல்லாம் தலைக்குள் இருந்தது. மூன்றரை மணிக்கு நூற்றுப் பதினான்கு பேருக்கும் மிஷின் போட்டாகிவிட்டது. கூடத்திலிருந்து பழைய சத்தம் கேட்க ஆரம்பித்தது. பேரையூர்க்காரர் என்னைத் தாண்டிப் போகும்போது வணக்கம் சொல்லவில்லை. மொபெட்காரர் மறுவாரம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார், ஒன்பது நாள். அவர் எழுதித் தந்த சாஃப்ட்வேர் திரையில் முதலில் கேட்ட கேள்வி, எந்த மிஷின், எத்தனை மணி என்பது. கண்ணாடி அறையில் இருந்த கம்ப்யூட்டரை இரும்பு மேசைக்குப் பக்கத்தில் நகர்த்தினார்கள். மேசை இருந்த இடத்தில் இருந்தது.

ஆனால் அந்த மதியத்துக்கு வருகிறேன். பட்டியலை முடித்துப் பேனாவை மூடியதும் அந்த அம்மாள் என் அறைக்கு வந்தார். நோட்டை எடுங்கள் என்றார்.

"எதுக்கு?"

"கடிதம். நான் சொல்லுறேன், நீங்க சுருக்கெழுத்துல எடுங்க. அதுக்குத்தான உங்கள வச்சிருக்கு?"

என்னிடம் படித்த ஏழு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, நான் எடுத்தேன். 'தேர்வுக் குழுவாகிய நான், பதிவேட்டுப் பணியைச் செய்துவந்தவரைக் கலந்துகொள்ளாமலும், விளக்கம் கேட்ட நிபுணரை இடைமறித்துத் தவறான தகவல் தந்தும், பள்ளிக்கூடத்துக்கென்று செய்த சாஃப்ட்வேரை இந்நிறுவனத்துக்குப் பொருத்தமானது என்று பரிந்துரைத்தேன்.' நிறுத்தாமல், யோசிக்காமல் சொல்லிக்கொண்டே போனார். நடந்து வரும் வழியிலேயே முழுக்க எழுதி வைத்திருக்க வேண்டும். ஓர் அரைப்புள்ளிக்குக்கூட அதில் இடமில்லை.

நான் திருப்பிப் படித்தேன். ஓரிடத்தில் 'கலந்துகொள்ளாமலும்' என்பதை, கொஞ்சம் இதமாக, 'போதிய அளவு கலந்துகொள்ளாமலும்' என்று படித்துப் பார்த்தேன். அதை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அவரே மிஷினில் ஏற்றி, இரண்டு கார்பன் வைத்து அடித்துக்கொண்டு வந்தார். ஒரு பிழை இல்லை. பிரின்சிபாலுக்கு ஒன்று, தனக்கு ஒன்று, மூன்றாவது எனக்கு. மூன்றிலும் கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

வாங்கி, மேலிருந்து கீழே வரை பார்த்தார். கையெழுத்துக்குக் கீழே தேதி போடவில்லை என்று மூன்றையும் திருப்பித் தந்தார்.